மேல் கோட்டுக்கு மேலே

எங்கள் ஹவுஸ் ஓனர் அத்தை கொடுக்கும் காபியைக் கையில் எடுக்க முடியாது. டம்ளரின் விளிம்பில் காபி நின்றுகொண்டிருக்கும். ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் போதும், வழிந்துவிடும். டம்ளரைத் தரையில் வைத்தபடியே குனிந்து, மாடு கழனித்தண்ணி குடிக்கிற மாதிரி முதல் வாயை உறிஞ்சிவிட்டு அதற்குப் பிறகுதான் தூக்க வேண்டும். விளாங்குடியில் அவர் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்த காலம் முழுக்க நான் அப்படித்தான் காபி குடித்தேன். காலேஜில் எவ்வளவு கெத்தாகத் திரிந்தாலும் கீழ்வீட்டுக்கு வந்தால் கன்றுக்குட்டிதான்.

"அத்தை, கொஞ்சம் குறைச்சு ஊத்துங்களேன்."

"குறைச்சு ஊத்துறதுக்கு எதுக்குடி ஊத்தணும்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? பி.காம் சிலபஸில் இல்லை.

எல்லாமே அப்படித்தான். அவர் கட்டிக் கொடுத்தால் டிபன் பாக்ஸ் மூடாது, ரப்பர் பேண்ட் போட்டுத்தான் மூட வேண்டும். மோட்டார் போட்டால் தொட்டி நிறைந்து, மேலே இருக்கிற குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிறுத்துவார். அந்தத் தண்ணீர் கொட்டுவது எங்கள் படுக்கையறைச் சுவரில். அங்கே பாசி பிடித்து, நான் அதற்கு ஊட்டி என்று பெயர் வைத்திருந்தேன். போன் நூறு சதவீதம் ஏறிய பிறகும் சார்ஜரில்தான் கிடக்கும். "நூறுக்கு மேல ஏறாது அத்தை" என்றால், "ஏறாட்டிப் போகுது, இறங்காம இருக்கும்ல" என்பார்.

சாப்பாடு விஷயத்தில் நான் ஒரு தற்காப்புக் கலை கற்றிருந்தேன். இரண்டாவது கரண்டிச் சோறு விழுந்ததும் இரண்டு கைகளாலும் தட்டை மூடிவிடுவேன். ஒருமுறை என் புறங்கையிலேயே ரசத்தை ஊற்றிவிட்டார். அதற்கு அவர் வருத்தப்படவில்லை. "கையை எடுத்திருந்தா சோத்துல விழுந்திருக்கும்" என்றார்.

குறைந்துவிடுமோ என்ற பயம்தான் அவரை ஆட்டி வைத்தது. சாதாரண ஆட்களுக்கு இருக்கிற பயம் இல்லை இது. பாத்திரத்தின் விளிம்புக்கும் அதில் இருக்கிறதுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தால், அந்த இடைவெளி வழியாக ஏதோ உள்ளே வந்துவிடும் என்கிற மாதிரிப் பார்ப்பார். ஒரு விரல் குறைந்ததால் என்ன ஆகும் என்பதை அவர் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தார்.

அவர்களிடம் ஒரு லாரி இருந்தது. ஓட்டுவது அவர் கணவர், எங்களுக்கு மாமா. மற்ற எல்லாம் அத்தை. லோடு பேசுவது, டயர் பார்ப்பது, பெர்மிட் புதுப்பிப்பது, பூசணிக்காய் சுற்றுவது, எஞ்சின் ஆயில் எது என்று முடிவு செய்வது, ஊற்றுவது. மாமா அதிகம் பேசமாட்டார். பேசுவதற்கு அத்தை இடம் விட்டதில்லை என்பது என் அம்மாவின் கருத்து.

லோடு பெரும்பாலும் அரிசி மூட்டை. காலையில் விளாங்குடியில் கிளம்பி, உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கி, தேனி, கம்பம் வழியாகப் போய்க் குமுளி மலை ஏற வேண்டும். மலை உச்சிக்குப் போனதும் மாமா போன் செய்வார். "ஏறிட்டேன்" என்பார். வைத்துவிடுவார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டதில் பாதி அந்த ஒரு வார்த்தையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் போன் வருகிறவரைக்கும் அத்தை ஒரு வாய் சாப்பிடமாட்டார். ஆனால் யார் கிடைத்தாலும் பிடித்து உட்காரவைத்து, கையில் கரண்டியோடு ஊட்டாத குறையாகச் சாப்பாடு போடுவார். கேஸ் சிலிண்டர் போடவந்த அண்ணன் ஒருத்தர் கீழ்வீட்டில் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க முடியாமல் சிலிண்டர் மேலேயே உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அவர்களுடைய பழைய லாரியை அதன் கடைசிக் காலத்தில்தான் பார்த்தேன். காலையில் கிளப்பினால் தெருவே நீலப் புகையில் மறைந்துவிடும். தேய்ந்துபோன எஞ்சின். டீசலோடு சேர்த்து எண்ணெயையும் எரித்துக் குடிக்கும். அந்த வண்டிக்கு அத்தை வாங்கியது கடையில் இருக்கிறதிலேயே கெட்டியான எண்ணெய். தேய்ந்த இடுக்குகளில் வழுக்கிக்கொண்டு போகாமல் பிடித்து நிற்க அதுதான் லாயக்கு. அதையும் ஒவ்வொரு நாளும் காலையில் ஊற்றினால்தான் போய்த் திரும்பும். அந்த வண்டிக்கு அத்தை செய்தது சரிதான்.

நாங்கள் குடிவருவதற்கு முன்னால் ஒருமுறை, அவசர லோடு என்று மாமா ஊற்றாமலே கிளம்பிவிட்டார். குமுளி மலையில் பாதி ஏறும்போது எண்ணெய் வற்றி எஞ்சின் இறுகிவிட்டது. சிக்னல் இல்லாத வளைவு. போன் வரவேயில்லை. மறுநாள் மதியம் வேறு ஏதோ வண்டிக்காரர் போனிலிருந்து மாமா கூப்பிடுகிறவரைக்கும் அத்தை போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருக்கிறார். இந்தக் கதையை அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் முடிப்பார்.

"ஒரு கை எண்ணெய், புள்ள. கூட ஒரு கை ஊத்தியிருந்தா அன்னைக்கு எனக்குப் போன் வந்திருக்கும்."

அப்புறம் புது லாரி வந்தது. பூனை மாதிரி ஓடும். மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தைக்குக் கவலை தாங்கவில்லை.

"சத்தமே காணோமே. உசுரு இருக்கா இல்லையான்னு எப்புடித் தெரியும்?"

முதல் தடவை எண்ணெய் மாற்றியது கம்பெனி சர்வீஸில். அதற்கடுத்த தடவை அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க ஊத்துறத நான் பாக்கலையே" என்றார். என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டு அவனியாபுரத்தில் அவர் வழக்கமாக வாங்கும் ஆயில் கடைக்குப் போனோம். போகிற வழியில் பங்கில் நிறுத்தி என் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடவைத்தார். முள் பாதிக்கு மேல்தான் இருந்தது.

கடைக்கார பாய் அத்தையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதை கொஞ்சம், பயம் கொஞ்சம்.

"அக்கா, புது வண்டிக்கு டென் தேர்ட்டிதான். புக்குலயும் அதான் போட்டிருக்கான்."

டென் தேர்ட்டி என்றால் இளகலான எண்ணெய். அத்தை மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். கையைச் சாய்த்தார். எண்ணெய் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடியது.

"என்ன பாய் இது, ரசம் மாதிரி ஓடுது?"

"ஓடணும்க்கா. ஓடுனாத்தான் காலைல கிளப்புன உடனே மேல வரைக்கும் போய்ச் சேரும். புது எஞ்சின்ல இடுக்கெல்லாம் ரொம்பச் சின்னது. கெட்டி எண்ணெயப் போட்டீகன்னா அது உள்ள நுழையுறதுக்குள்ள வண்டி உசிலம்பட்டி போயிரும்."

"அப்ப மலைல சூடேறுனா இன்னும் தண்ணியாப் போயிராது?"

"போகாதுக்கா. சூட்டுல எம்புட்டுக் கெட்டியா நிக்கணுமோ அம்புட்டு நிக்கும். அதுக்குத்தேன் ரெண்டாவது நம்பரு, தேர்ட்டி."

நான் போனில் தேடிப் பார்த்துவிட்டுக் குறுக்கே புகுந்தேன். "அவர் சொல்றது கரெக்ட் அத்தை. இழுவை நல்லா இருக்கும், மைலேஜும் கூடும்னு போட்டிருக்கு."

"போன்ல இருக்கதெல்லாம் சமதரை, புள்ள. மலை ஏறுறது உங்க மாமா."

பாய் சிரித்துவிட்டார். நானும்தான். ஆனால் அத்தை சிரிக்கவில்லை. இரண்டு விரலுக்கு நடுவே அந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே நின்றார், அது தேயத் தேய அங்கே எதுவும் மிச்சம் இருக்காது என்று எதிர்பார்க்கிற மாதிரி. கடைசியில் இளகல் எண்ணெயையே வாங்கினார். நான் ஸ்கூட்டரைக் கிளப்பியதும் "இரு" என்று இறங்கிக் கடைக்குள் போனவர், பழைய லாரிக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெயில் ஒரு கேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"இது எதுக்கு?"

"ஆத்திர அவசரத்துக்கு."

உள்ளே இருந்து பாய் கத்தினார். "அக்கா, அதை இதோட கலந்துறாதீக!"

அத்தை தலையாட்டினார். சரி என்கிற தலையாட்டல் இல்லை அது. பேச்சை முடி என்கிற தலையாட்டல்.

எண்ணெய் மாற்றிய முதல் டிரிப் போய்வந்து மாமா வாயைத் திறந்து மூன்று வாக்கியம் பேசினார். அதுவே எங்களுக்கு அதிசயம். "வண்டி பட்டு மாதிரிப் போகுது. கணவாயில திணறவே இல்ல. காலைல ஒரு தட்டுல கிளம்பிருது."

"நல்லாப் போகுதுன்னா நல்லா வச்சுக்கணும்" என்றார் அத்தை. மறுநாள் காலையில் கெட்டி எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் தெரு வாய்க்காலிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுகிற சரிவு. லாரி எப்போதும் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அத்தை கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் ஏறி, லாரியின் மூஞ்சியில் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற முன்கதவைத் திறப்பார். எண்ணெய் அளக்கிற குச்சியை உருவித் துடைத்து, திரும்ப உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பார். அந்தக் குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு. கீழ்க் கோட்டுக்குக் குறையக்கூடாது, மேல் கோட்டைத் தாண்டக்கூடாது. ஆனால் சரிவில் நிற்கிற வண்டியில் எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கிவிடும். சமதரையில் சரியாக இருக்கிற எண்ணெய், அங்கே கீழ்க் கோட்டுக்கும் கீழேதான் தெரியும். அத்தை பதறிப்போய் ஊற்றுவார். கேன் வாயில் தொங்கும் கடைசிச் சொட்டை விரலால் வழித்துக் கேட்டின் கீலில் தடவுவார். விளாங்குடியிலேயே சத்தம் போடாத கேட் அவர்கள் வீட்டுக் கேட்தான்.

"அத்தை, சரிவுல நிக்கிறதாலதான் கம்மியாத் தெரியுது. மெயின் ரோட்டுல கொண்டுபோய் வச்சுப் பாருங்க."

"பழைய வண்டி மட்டும் ஆகாசத்துலயா நின்னுச்சு? இதே இடந்தான்."

"அது குடிச்சுச்சு. இது குடிக்காது. மேல் கோட்டைத் தாண்டுனா கெடுதல்னு புக்குலயே இருக்கு."

"கூடி எது புள்ள கெட்டிருக்கு?"

ஊட்டிச் சுவர், டிபன் பாக்ஸ், சிலிண்டர் அண்ணன் என்று எனக்கு வாய் நிறையப் பதில் இருந்தது. ஆனால் அவர் அதற்குள் ஊற்றி மூடிவிட்டார். எனக்குக் காலேஜுக்கு நேரமாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், ஒன்றும் ஆகவில்லை. மாதக்கணக்கில் ஊற்றினார். வண்டி பட்டு மாதிரிப் போனது. "ஏறிட்டேன்" நேரத்துக்கு வந்தது. புக் எழுதுகிறவன் எல்லாம் லாரியைப் படத்தில்தான் பார்த்திருப்பான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

அப்போதுதான் மாமாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். தல்லாகுளம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெயிட் தூக்கக்கூடாது, ஏறக்கூடாது, இறங்கக்கூடாது, தும்மினால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு தும்ம வேண்டும் என்றார்கள். லோடு காத்திருக்காது என்று முத்துப்பாண்டி என்கிற டிரைவரைத் தற்காலிகமாகப் போட்டார்கள். கூலிங் கிளாஸ், காதில் இயர்போன், கழுத்தில் புலிநகம். வண்டிக்கு முன்கதவு என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

முதல் டிரிப்பில் "ஏறிட்டேன்" தாமதமாக வந்தது. திரும்பி வந்து இறங்கியதும் முத்துப்பாண்டி சொன்னான். "அக்கா, வண்டி இழுக்க மாட்டேங்குது. கணவாயிலயே மூச்சு வாங்குது."

அத்தை கேனை எடுத்து ஆட்டிப் பார்த்தார். மறுநாள் காலையில் இன்னும் கூடுதலாக ஊற்றினார்.

இரண்டாவது டிரிப்பில் இன்னும் மோசம். மூன்றாவது டிரிப்பில் போன் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரைக்கும் நான் இரண்டு தடவை மதியச் சாப்பாடு சாப்பிட்டிருந்தேன். மறுநாள் வண்டி வந்து தெருவுக்குள் திரும்பியபோது பின்னால் நீலமாகப் புகை. பழைய லாரியின் அதே புகை.

"பாத்தியா?" என்று என் கையைப் பிடித்தார் அத்தை. "எண்ணெய் குடிக்குது. ரசம் மாதிரி ஓடுதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல? அம்புட்டும் குடிச்சிருச்சு."

எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எண்ணெய் குடிக்கிற வண்டி மட்டும்தான் புகையும் என்று இல்லை, எண்ணெய் கூடினாலும் புகையும் என்று எங்கேயோ படித்திருந்தேன். "அத்தை, ஒரு மெக்கானிக்கைக் கூப்புட்டுக் காட்டிருவோம். இல்ல, மாமாட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"அவர்ட்ட மூச்சு விட்டுறாத. வண்டிக்கு ஒண்ணுன்னா படுத்துருக்க மாட்டாரு. தையல் பிரிஞ்சிரும்."

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மாமா கேட்டார். "வண்டி எப்புடி இருக்கு?"

"அதுக்கென்ன, பட்டு மாதிரிப் போகுது" என்றார் அத்தை. கட்டிலுக்குக் கீழே அவர் பாதம் என் பாதத்தின் மேல் ஏறி அழுத்திக்கொண்டிருந்தது. அவர் மாமாவுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். கட்டில் விரிப்பில் வழிந்தது.

மாமா டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. அவரை வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்திருந்தார்கள். லோடு ஏற்றிய லாரி வழக்கம்போல மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் காலேஜ் பையோடு படி இறங்கிவந்தேன். அம்மா துவைத்துப் போட்ட ஜமுக்காளம் படிக் கைப்பிடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தை பக்கெட்டிலிருந்து இறங்கி, காலிக் கேனோடு வந்துகொண்டிருந்தார்.

மாமாவின் கண் அந்தக் கேனில் நின்றது.

"முத்து" என்று கூப்பிட்டார். "குச்சி பாத்தியாடா?"

"அக்கா பாத்துட்டாகண்ணே." அவன் அதற்குள் சாவியைத் திருப்பிவிட்டான்.

வண்டி கிளம்பியது. கொஞ்ச நேரம் சாதாரணமாக ஓடியது. பிறகு யாரோ ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிப்பது மாதிரிச் சத்தம் ஏறத் தொடங்கியது. முத்துப்பாண்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, நான் மிதிக்கலண்ணே!"

"ஆஃப் பண்ணு!"

"ஆஃப் பண்ணிட்டேண்ணே!" அவன் சாவியை உருவி வெளியே நீட்டிக் காட்டினான். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. ஏறிக்கொண்டேயிருந்தது. அந்தச் சத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஒரு மிருகம் கத்திக்கொண்டே மேலே மேலே போகிற மாதிரி. தெரு முழுக்க வெள்ளைப் புகை. எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. அளவுக்கு மேல் இருந்த எண்ணெய், காற்றுக் குழாய் வழியாக எஞ்சினுக்குள் ஏறிவிட்டது. டீசலை நிறுத்தினாலும் இனி அதற்குக் கவலையில்லை. தன் எண்ணெயையே எரித்து ஓடும், வெடிக்கிறவரைக்கும். இதெல்லாம் பிறகுதான் எனக்கு விளங்கியது. அப்போது தெரிந்ததெல்லாம் சாவி வெளியே இருக்கிறது, வண்டி ஓடுகிறது என்பது மட்டும்.

முத்துப்பாண்டி குதித்து ஓடிவிட்டான். கூலிங் கிளாஸ் தரையில் கிடந்தது.

"காத்தை அடைங்கடா! கேபினுக்குப் பின்னாடி, அந்தக் காத்துக் குழாயை அடைங்கடா!" மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். லாரியை நோக்கி நடக்கவே தொடங்கிவிட்டார்.

அத்தை அவரைப் பிடித்துத் தள்ளிச் சேரில் உட்காரவைத்தார். "நீங்க ஏறுனீகன்னா எனக்குப் புருசனும் இல்ல, வண்டியும் இல்ல. உக்காருங்க!" என்னைப் பார்த்தார். "புள்ள, அதை எடு!"

ஈர ஜமுக்காளத்தை உருவிக்கொண்டு ஓடினேன். அத்தை டீசல் டேங்கில் கால் வைத்து ஏறி, கேபினுக்குப் பின்னால் நிற்கும் அந்தக் குழாயைக் கட்டிப்பிடித்தார். நான் கீழேயிருந்து ஜமுக்காளத்தைத் தூக்கி எறிந்தேன். அவர் அதை மடித்து, காற்று உள்ளே போகிற வலைக்கதவின் மேல் வைத்து, இரண்டு கையும் நெஞ்சும் சேர்த்து அழுத்தினார். குழாய் ஜமுக்காளத்தை உள்ளே உறிஞ்சி இழுத்தது. அவரையும் சேர்த்து இழுக்கிற மாதிரி இருந்தது. எஞ்சின் திணறியது, இருமியது, வண்டி முழுவதும் ஒரு உலுக்கு உலுக்கியது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் அழுத்தினார். அந்த வண்டிக்கு எதையுமே அவர் குறைத்து நான் பார்த்ததில்லை. இப்போது அதன் மூச்சை நிறுத்திக்கொண்டிருந்தார்.

நின்றது.

அவ்வளவு அமைதியை நான் விளாங்குடியில் கேட்டதேயில்லை. அத்தை இறங்கியபோது இரண்டு உள்ளங்கையிலும் வலைக்கம்பியின் கட்டங்கள் அச்சாகப் பதிந்திருந்தன.

மெக்கானிக் வந்து வண்டியைச் சமதரைக்குத் தள்ளச் செய்து, அடியில் படுத்து எண்ணெயைத் திறந்துவிட்டார். அத்தையின் இட்லி அரிசி ஊறப்போடும் அண்டாவை வாங்கிக் கீழே வைத்தார். அண்டா நிறையப் போனது. எண்ணெய் நிற்கவில்லை.

"இன்னொரு அண்டா குடுங்கக்கா." அவர் அடியிலிருந்தே கேட்டார். "எம்புட்டுக்கா ஊத்துனீக? இது எண்ணெய்ல நீச்சலே அடிச்சுருக்கு! நுரை கட்டிப்போய் இழுவையே இருந்திருக்காதே. ரெண்டு டிரிப்லயே எஞ்சின் வெடிச்சிருக்கணும், நீங்க மாசக்கணக்கா ஊத்துனதா இந்தப் புள்ள சொல்லுது, எப்புடித் தாங்குச்சு?"

அத்தை அண்டாவில் கருப்பாக நிறைந்துகொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்புக்கு ஒரு விரல் இருந்தபோது காலால் அதைத் தள்ளிவிட்டு இன்னொன்றை வைத்தார்.

"தாங்குச்சுன்னா…" மாமா சேரிலிருந்து மெதுவாகச் சொன்னார். "உசிலம்பட்டில ஒரு மெக்கானிக் ஷெட்டு இருக்கு. போறப்பல்லாம் அங்கன நிறுத்தி, கோட்டுக்கு மேல இருக்கத இறக்கிவிட்டுட்டுத்தேன் கணவாய் ஏறுவேன். முத்துகிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

அத்தை திரும்பினார். "ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

"அப்ப நான் ஊத்துனது?"

"உசிலம்பட்டியோட சரி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா ஊத்தாம அனுப்பிருப்ப. அனுப்பிட்டு நான் வர்ற வரைக்கும் வாசல்லயே நிப்ப." மாமா தன் வயிற்றுக் கட்டைத் தடவிக்கொண்டார். "அதுக்கு இதே தேவலைன்னு இருந்துட்டேன்."

அத்தை விறுவிறு என்று உள்ளே போனார். பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது, மெக்கானிக்குக்கும் இருந்திருக்க வேண்டும், அவர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவேயில்லை. அத்தை காபியோடு வந்தார். விளிம்பு வரைக்கும். மாமாவின் சேர் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தார். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குனிந்து முதல் வாயை உறிஞ்சினார்.

வண்டி ஷெட்டிலிருந்து திரும்பி வந்து, மாமாவும் தேறி, முதல் லோடு ஏற்றிய காலையில் அத்தை லாரியை மெயின் ரோட்டுச் சமதரையில் நிறுத்தச் சொன்னார். இளகல் எண்ணெய் மட்டும்தான் உள்ளே. குச்சியை உருவினார். துடைத்தார். விட்டு எடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல் கோட்டுக்கு ஒரு நகம் குறைவாகப் பொன் நிறத்தில் நின்றது.

"குறையுதே" என்றார்.

"போதும்" என்றார் மாமா.

"மேல் கோடு வரைக்குமாவது…"

மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அந்தக் குச்சியைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். ஒவ்வொரு முறையும் அதே நகம் அளவு இடைவெளி. அவர் இடுப்பில் கேன் இருந்தது. அதன் மூடியில் ஒரு விரல் இருந்தது. பிறகு குச்சியைச் செருகி, முன்கதவைச் சாத்தினார். கொஞ்சம் பலமாகவே.

"உசிலம்பட்டில நிறுத்துவீகளா?"

"எதுக்கு?"

"சும்மாத்தேன் கேட்டேன்."

லாரி போய்விட்டது. அத்தை கேனைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

அன்று எனக்குக் காலேஜ் லீவு. மதியம் என்று சொல்ல முடியாத நேரத்திலேயே கூப்பிட்டு உட்காரவைத்தார். சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார். நான் சாப்பிட்டேன். திரும்ப வைத்தார். நான் சாப்பிட்டேன். போனைத் தட்டுக்குப் பக்கத்தில், எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்திருந்தார். நூறு சதவீதம். சார்ஜர் இன்னும் சொருகியே இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அவர் அதைப் பார்த்தார். நானும் பார்க்கத் தொடங்கிவிட்டேன். உசிலம்பட்டி தாண்டியிருப்பார். கணவாய் தாண்டியிருப்பார். கம்பம்? அந்த ஒரு நகம் இடைவெளி எனக்கே கண்ணுக்குள் நின்றது.

போன் அடித்தது. அத்தையின் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் குழம்புச் சட்டி. இரண்டையும் கீழே வைக்கவில்லை.

"எடு புள்ள. நீ எடு."

எடுத்தேன். "ஏறிட்டேன்" என்றார் மாமா. வழக்கமாக வைத்துவிடுவார். அன்று வைக்கவில்லை. "அவகிட்டச் சொல்லு. எங்கயும் நிறுத்தல. ஒரு சொட்டு இறக்கல. கும்முன்னு ஏறிருச்சு."

சொன்னேன். வார்த்தை மாறாமல் சொன்னேன்.

அத்தை கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். முகத்தில் ஏதோ இளகியது. அப்புறம் அது அப்படியே திரும்ப இறுகியது.

"ஏறிட்டா மட்டும் போதுமா?" என்றார். "எறங்கணும்ல."

கரண்டி என் தட்டை நோக்கி வந்தது. வழக்கப்படி என் கைகள் இரண்டும் தட்டின் மேல் போயிருந்தன.

கைகளை எடுத்துக்கொண்டேன்.